கோஷ்டி திரும்பச் சேர்ந்து மேடையேறினால் எப்படி வாதாடுவது

பழைய றொக் குழு ஒன்று பல வருடம் பிரிந்து கிடந்துவிட்டு ஒரு நாள் திரும்ப ஒரே மேடையில் ஏறினால், அன்றிரவே வட்ஸ்அப்பில் சண்டை தொடங்கிவிடும். ஒருவர் அழுதுவிட்டேன் என்று எழுதுவார். இன்னொருவர் குரலே இல்லை, இது எதற்கு என்று எழுதுவார். ஒரு தம்பி "உங்கட கசெற் காலம் முடிஞ்சுது அண்ணை" என்று போடுவான், அந்த அண்ணை ஒன்றும் சொல்லாமல் குழுவை விட்டு வெளியேறிவிடுவார். எங்கள் கூட்டத்தில் இது அப்படியே நடந்தது.

2025 யூலை 5 ஆம் திகதி பேர்மிங்ஹாமில் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சபாத் குழுவின் ஆரம்ப நால்வரும், அதாவது பாடகர் ஒஸி ஒஸ்போர்ன், கிற்றார் ரொனி அயோமி, பாஸ் கிற்றார் கீஸர் பட்லர், ட்ரம்ஸ் பில் வார்ட், 2005 க்குப் பிறகு முதல் தடவையாகச் சேர்ந்து வாசித்தார்கள். ஐந்து நாளில் போயா விடுமுறை வந்தது. கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் ஒன்பது பேர் கூடினோம். ஆகச் சின்னவனுக்கு 19 வயது, ஆக மூத்தவருக்கு 57. பாதிப்பேர் கோவில் திருவிழாக்களில் கோஷ்டியில் வாசிப்பவர்கள், நான் ஓகன். இரண்டு மணித்தியாலம் கத்தினோம். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் ஏறவேயில்லை. சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு விளங்கியது, ஒன்பது பேரும் ஒன்பது வேறு விசயத்தைப் பற்றிக் கதைத்திருக்கிறோம், ஒரே விசயத்தில் முரண்படுகிறோம் என்று நினைத்துக்கொண்டு.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முறை வைத்துக்கொண்டோம். உங்கள் கூட்டத்துக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். உதாரணங்கள் நான் நேசிக்கும் குழுக்களிலிருந்து வரும், நீங்கள் உங்களுடையதை வைத்துப் பாருங்கள்.

முழுதாக இருந்து பாருங்கள்

வாதாட வருகிறவர் நிகழ்ச்சியை ஒரு தரமாவது முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் முதல் கூட்டத்தில் ஒன்பது பேரில் மூன்று பேர்தான் அப்படிப் பார்த்திருந்தார்கள். மற்றவர்கள் பார்த்தது முகநூலில் ஓடித் திரிந்த 40 செக்கன் துண்டுகள். துண்டாகப் பரவுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான்: அன்றைய இரவின் ஆகத் திறமான இடம், இல்லாவிட்டால் ஆக மோசமான இடம். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் மிச்ச நேரத்தில்தான் குழு எப்படி வாசித்தது என்று தெரியும்.

வில்லா பார்க்கில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒஸி முதலில் தன் தனிக் குழுவோடு ஐந்து பாடல் பாடினார், பிறகுதான் சபாத்தாக நால்வரும் நான்கு பாடல் வாசித்தார்கள். அவருக்குப் பின்னால் நின்று வாசித்த ஆட்களே இரண்டு பகுதியிலும் வேறு. எங்களில் இரண்டு பேர் முதல் பகுதியில் கேட்டதை வைத்து இரண்டாம் பகுதிக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது எங்களுக்குப் பிடிபட அரை மணித்தியாலம் எடுத்தது.

எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். யூலை மாதம் இங்கிலாந்தில் இரவு 10 மணி என்றால் இங்கே விடியப்புறம் 2:30. நித்திரைக் கண்ணோடு, நெற் விட்டு விட்டு வர, போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு பார்த்ததை ஒரு தரம் என்று எண்ணாதீர்கள். அடுத்த நாள் முகம் கழுவித் தேத்தண்ணி குடித்துவிட்டு இன்னொரு தரம் பாருங்கள்.

போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுப் பாஸ் கிற்றாரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, இது எங்களிடம் கண்டிப்பான சட்டம். சாதாரணமாகச் சுருதி கூட்டிய பாஸ் கிற்றாரின் ஆகக் கீழ்த் தந்தி செக்கனுக்கு 41 தடவை அதிரும். நகம் அளவு ஸ்பீக்கரால் அந்த ஒலியைத் தரவே முடியாது. நீங்கள் கேட்பது அதன் மேல் அடுக்குகளை மட்டும்தான், மிச்சத்தை மூளை நிரப்புகிறது. "பட்லர் எங்க, கேக்கவேயில்லையே" என்று ஒருவன் யூலையில் கேட்டான். நாங்கள் திருவிழாவுக்குக் கொண்டுபோகும் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை விறாந்தைக்கு இழுத்து வந்து அதே இடத்தைப் போட்டுக் காட்டினோம். அவன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பெட்டி இல்லாவிட்டால் காதை மூடும் ஹெட்போன் ஒன்று போதும், இரவல் வாங்கினாலும் பரவாயில்லை.

யார் எடுத்த வீடியோ, யார் நின்ற இடம்

ஒரே நிகழ்ச்சி மூன்று விதமாக உங்களிடம் வரும். நேரடி ஒளிபரப்பாக வரும், கூட்டத்தில் நின்றவர் போனில் எடுத்ததாக வரும், பிறகு ஆறுதலாகத் திருத்திச் சேர்த்து வெளியிட்டதாக வரும். மூன்றும் ஒன்றில்லை. போன் தானாகவே சத்தத்தைச் சமப்படுத்தும்: பெரிய சத்தம் வந்தால் அமுக்கும், அமைதி வந்தால் தூக்கும். அதனால் மெதுவாகத் தொடங்கி இடியாக விழும் பாட்டு போன் வீடியோவில் ஒரே மட்டமாகக் கிடக்கும். "உசார் இல்லை" என்று தீர்க்க முதல் இதை யோசியுங்கள். திருத்தி வெளியிட்டதில் மறுபக்கச் சிக்கல் இருக்கிறது. லெட் செப்பலின் குழு 2007 டிசெம்பர் 10 ஆம் திகதி லண்டன் ஓ2 அரங்கில் வாசித்த நிகழ்ச்சி திரைக்கும் கடைக்கும் வந்தது 2012 இல். ஐந்து வருடம் கையில் இருந்த ஒலிப்பதிவை அன்றைய இரவின் அப்பட்டமான சாட்சியாக எடுக்க முடியாது. பிழை பிடிப்பதற்கு நேரடி ஒளிபரப்பையும், வாசிப்பின் நுணுக்கத்தைக் கேட்பதற்கு வெளியிட்ட பதிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்துக் கதைக்கிறோம் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது லண்டன் மச்சான். யாழ்ப்பாணத்தில் எந்தக் கூட்டத்திலும் ஒருவருக்கு லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு மச்சான் இருப்பார், அவர் ரிக்கெற் வாங்கி நேரில் போயிருப்பார், வாதம் சூடாகும் நேரம் பார்த்து வீடியோ கோலில் வந்து "நான் நேரில பார்த்தனான்" என்று சொல்வார். அதோடு எல்லோரும் வாயடைத்துப் போவார்கள். அப்படிப் போகத் தேவையில்லை. அவரை மதிப்போடு ஒன்று கேளுங்கள்: அத்தான், நீங்கள் எங்கே நின்றீர்கள்? ஒலி செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீற்றர் தள்ளி நின்றால் மேடையில் அடித்த அடி காதுக்கு வர ஏறத்தாழ 0.3 செக்கன் பிந்தும். மேடையில் ஓங்கிய கையைப் பார்த்து, காதில் விழுந்த அடியைக் கேட்டு, "ட்ரம்ஸ் பிந்திப் போச்சு" என்று சொல்கிற சாட்சியம் செல்லாது. பக்கத்தில் ஆயிரம் பேர் பாடும்போது பாடகர் சுருதியில் நின்றாரா என்பதும் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. நல்லூர்த் திருவிழாவில் வெளிவீதியில் ஐஸ்கிறீம் கடைக்குப் பக்கத்தில் நின்று மேளத்துக்குத் தீர்ப்புச் சொல்வது மாதிரி.

ஆனால் எங்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். முதல் சத்தம் வந்தபோது கூட்டம் என்ன செய்தது, பக்கத்தில் நின்ற வயதானவர் அழுதாரா, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மைதானம் எப்படி இருந்தது. அதைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கமராவும் அதைத் தராது.

எந்தக் கேள்வி என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்

இதுதான் முக்கியம், மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள். அன்று நன்றாக வாசித்தார்களா என்பது ஒரு கேள்வி. இது அதே குழுதானா என்பது இன்னொன்று. இவர்கள் திரும்ப வந்திருக்க வேண்டுமா என்பது வேறொன்று. முதலாவதைக் காதால் தீர்க்கலாம். இரண்டாவதுக்கு வரலாறு தெரிய வேண்டும். மூன்றாவதில் அவரவர் மனம் சேர்ந்திருக்கிறது, அதில் யாரும் யாரையும் வெல்ல முடியாது.

சண்டை வருவது ஒருவர் ஒன்றில் நிற்க மற்றவர் இன்னொன்றுக்குத் தாவுவதால். "அந்தப் பாட்டில் குரல் தளும்பியது" என்று ஒருவர் சொல்கிறார். "அவ்வளவு வருத்தத்தோடு வந்து இருந்து பாடினதே பெரிய விசயம்" என்று மற்றவர் சொல்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம், ஒன்றுக்கு மற்றது பதில் இல்லை. எங்கள் கூட்டத்தில் இப்போது யாராவது தாவினால் பக்கத்தில் இருப்பவர் "அது மூண்டாவது" என்று மட்டும் சொல்வார். அது போதும்.

முதல் கேள்வியைத் தனியாக எடுத்துப் பார்த்தால் எவ்வளவு தெளிவு கிடைக்கும் என்பதற்கு லெட் செப்பலினை விட நல்ல உதாரணம் இல்லை. ட்ரம்ஸ் வாசித்த ஜோன் பொன்ஹம் 1980 செப்ரெம்பரில் இறந்தார், அதே வருட முடிவில் குழு கலைந்தது. 1985 யூலை 13 ஆம் திகதி லைவ் எயிட் (Live Aid) என்ற தரும நிகழ்ச்சிக்காக பிலடெல்பியாவில் மிச்ச மூவரும் மேடையேறினார்கள். ஃபில் கொலின்ஸ் அன்று லண்டனில் வாசித்துவிட்டு கொன்கோர்ட் விமானத்தில் பறந்து வந்து ட்ரம்ஸில் இருந்தார், ரொனி தொம்சன் என்ற இன்னொருவரும் ட்ரம்ஸில் இருந்தார். ஒத்திகை என்று சொல்லத்தக்கது இல்லை. பாடகர் றொபேட் பிளான்ற்றின் தொண்டை கட்டியிருந்தது. அந்த வாசிப்பைப் பின்னாளில் வந்த லைவ் எயிட் டிவிடியில் சேர்க்கக் குழுவே சம்மதிக்கவில்லை. 22 வருடம் கழித்து அதே மூவர், எல்லோருக்கும் இன்னும் வயது போயிருக்க, பொன்ஹமின் மகன் ஜேசன் ட்ரம்ஸில் இருக்க, பல வாரம் ஒத்திகை பார்த்துவிட்டு லண்டனில் ஏறினார்கள், அந்த இரவைக் குறை சொன்னவர்கள் மிகக் குறைவு.

வயது போனதுதான் காரணம் என்று எதற்கும் சொல்பவருக்கு இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டுங்கள். 1985 இல் பிளான்ற்றுக்கு 36 வயது, 2007 இல் 59. வயது மட்டும் காரணம் என்றால் இரண்டாவது அல்லவா மோசமாக இருந்திருக்க வேண்டும்? கோஷ்டியில் இருப்பவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். ஒத்திகை பார்க்காமல் ஏறிய திருவிழாவும் ஒரு கிழமை இருந்து பார்த்துவிட்டு ஏறிய திருவிழாவும் ஒன்றாகுமா?

குறை சொல்வது துரோகம் என்று நினைக்கும் ரசிகர்களுக்கு இன்னொன்று. த பொலிஸ் குழு 2007 இல் திரும்பச் சேர்ந்து சுற்றுப்பயணம் தொடங்கியபோது, வன்கூவரில் நடந்த ஆரம்ப நிகழ்ச்சிகளில் ஒன்றைப் பற்றி ட்ரம்ஸ் வாசிக்கும் ஸ்ருவேட் கோப்லண்ட் தானே எழுதினார், அன்று தாங்கள் வாசித்தது படுமோசம் என்று, யார் எந்த இடத்தில் தவறினார்கள் என்பதோடு. வாசித்தவரே அப்படிச் சொல்லலாம் என்றால், நேசித்துக் கேட்பவர் ஒரு இடத்தைக் காட்டிக் குறை சொல்வதில் என்ன பிழை? இடத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எதோடு ஒப்பிடுகிறீர்கள்

இசைத்தட்டோடு ஒப்பிடாதீர்கள். இசைத்தட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில், பிடிக்காத இடத்தைத் திரும்பப் பாடி, ஒரு கிற்றாருக்கு மேல் இன்னொரு கிற்றாரை அடுக்கிச் செய்தது. அதே குழு இளமையில் மேடையில் வாசித்த பதிவை எடுத்து அதோடு வையுங்கள். பல நேரம் அந்தக் காலத்து மேடையிலும் அதே பாட்டு வேகமாக ஓடியிருக்கும், அதே உச்சத்தைப் பாடகர் அப்போதே விட்டுவிட்டு வேறு விதமாகப் பாடியிருப்பார். வயதால் வந்தது என்று நீங்கள் நினைத்தது பழக்கமாகவே இருந்திருக்கும்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் கூட்டத்து மூத்த அண்ணை இந்தப் பாட்டுகளை முதலில் கேட்டது 90களில், யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத காலத்தில். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்துக் கசெற் கேட்டவர்கள் அவர்கள். சுற்றுகிறவரின் கை களைத்தால் ரேப்பும் களைக்கும், பாட்டு இறங்கும், பிறகு உசாராகச் சுற்ற ஏறும். அந்தக் கசெற்றும் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரதி எடுத்து நாலாவது ஐந்தாவது கை மாறி வந்தது, ஒவ்வொரு பிரதியிலும் ரேப் ஓடும் வேகம் கொஞ்சம் மாறும். அண்ணையின் நெஞ்சில் இருக்கும் சுருதி அந்த டைனமோவின் சுருதி. "பாட்டு இப்பிடி இல்லையே" என்று அவர் சொன்னபோது பொய் சொல்லவில்லை, அவருக்கு அது அப்படித்தான் வந்தது. இதை அவரோடு சேர்ந்திருந்து ஓகனில் வாசித்துக் காட்டிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது, அவர் நீண்ட நேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்தார். உங்கள் கூட்டத்திலும் அந்தக் காலத்து ஆள் ஒருவர் இருந்தால், அவர் எதில் கேட்டார் என்று முதலில் கேளுங்கள். அந்தக் கதைக்காகவே கூட்டம் வைக்கலாம்.

கட்டை இறக்கினால் குற்றமா

இது எல்லாக் கூட்டத்திலும் வரும் வாதம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வயது போகப் போகப் பெரும்பாலான பாடகர்களுக்கு மேல் ஸ்தாயி கை விட்டுப் போகும். அப்போது குழு முழுவதும் சுருதியை இறக்கும். செப்பலின் 2007 இல் சில பாடல்களை அப்படி இறக்கித்தான் வாசித்தார்கள். றொக் ரசிகர்கள் இதை ஏதோ களவு பிடித்தது மாதிரிச் சொல்வார்கள். எங்களுக்கு இது புதிதா? சங்கீதக் கச்சேரியில் பாடகர் தன் குரலுக்கு ஏற்ற கட்டையில் சுருதி வைக்கிறார், வயதோடு அரைக் கட்டை இறக்குகிறார், சபையில் யாரும் எழும்பிப் போவதில்லை. நாதஸ்வரத்திலேயே திமிரி என்று உயர்ந்த சுருதிக்கு ஒன்று, பாரி என்று தாழ்ந்த சுருதிக்கு ஒன்று இருக்கிறது.

இறக்கினார்களா என்று பார்ப்பது சுலபம். இளமைக்கால மேடைப் பதிவை ஓட விட்டு பாட்டின் ஆதார சுரத்தை ஓகனில் கண்டுபிடியுங்கள். பிறகு புதிய பதிவில் அதே இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஓகன் இல்லாவிட்டால் போனில் கிற்றார் சுருதி பார்க்கும் செயலி இலவசமாகக் கிடைக்கும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எழுதி வையுங்கள், பாட்டுக்குப் பாட்டு மாறும். சரி, அது முடிந்த பிறகு கேட்க வேண்டியது, இறக்கிய சுருதியில் பாட்டு நின்றதா என்பதுதான். சில பாட்டுகள் இறங்கினால் பாரம் கூடி இன்னும் நன்றாக வரும். சில பாட்டுகளில் இருந்த மினுக்கம் போய்விடும்.

சபாத்தை எடுத்தால், அந்தக் குழுவின் ஓசையே தந்தியைத் தளர்த்தியதில் இருந்து வந்தது. ரொனி அயோமி 17 வயதில் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் இயந்திரத்தில் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர், அதனால் தந்தியை அழுத்தும் விரல்கள்தான் போனது. உருக்கிய பிளாஸ்ரிக்கில் விரலுக்கு உறை செய்து போட்டுக்கொண்டு வாசித்தார், மெல்லிய தந்தி பூட்டினார், 1971 இல் வந்த மூன்றாவது இசைத்தட்டில் பல பாடல்களுக்கு ஒன்றரைக் கட்டை அளவுக்குச் சுருதியை இறக்கினார். தந்தி தளர்ந்தால் விரல் நோகாது. உலகம் முழுவதும் பிறகு எத்தனையோ குழுக்கள் பின்பற்றிய அந்தப் பாரமான ஓசை, ஒரு மனிதன் தன் கைக்கு ஏற்ற மாதிரி வாத்தியத்தை மாற்றியதில் பிறந்தது. அந்தக் குழு வயதான காலத்தில் உடம்புக்கு ஏற்ற மாதிரி எதை மாற்றினாலும் அதைக் குறையாக எழுத என்னால் முடியாது.

குரலுக்கும் அதே. ஒஸி தனக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை 2020 இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நோய் தசைகளை இறுக்கும், பேச்சும் குரலின் பலமும் குறையும். வில்லா பார்க்கில் அவர் கறுப்பு நாற்காலியில் இருந்தபடிதான் பாடினார், வயது 76. இப்படிப்பட்ட குரலைக் கேட்கும்போது சத்தத்தின் அளவைக் கேட்காதீர்கள். வரியைச் சரியான இடத்தில் தொடங்கினாரா, எங்கே மூச்சு எடுத்தார், எந்தச் சொல்லை விட்டுக்கொடுத்து எந்தச் சொல்லைப் பிடித்தார் என்று கேளுங்கள். பாடத் தெரிந்தவனின் கெட்டித்தனம் அதில்தான் இருக்கும், அது கடைசிவரை போகாது.

அதே குழுதானா

ஆட்களை எண்ணி இதைத் தீர்க்கலாம் என்று நினைப்பார்கள். எண்ணினால் 2007 செப்பலினில் நாலில் மூன்று, 2025 சபாத்தில் நாலுக்கு நாலு. ஆனால் யார் இல்லாவிட்டால் பாட்டு மாறும் என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் அது ட்ரம்ஸ். தவிலுக்காகவே கச்சேரி பார்க்கப் போகும் ஊர் எங்களுடையது, தட்சிணாமூர்த்தி வாசித்த மண். தவில் மாறினால் மேளம் முழுவதும் மாறும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், அவருடைய அடியில் ஒரு ஊஞ்சல் இருக்கும். 2013 இல் வந்த சபாத் இசைத்தட்டிலும், 2017 பெப்ரவரியில் பேர்மிங்ஹாமில் முடிந்த கடைசிச் சுற்றுப்பயணத்திலும் அவர் இல்லை. அவற்றில் அடி நேராகவும் பலமாகவும் இருக்கும். 2025 இல் 77 வயதில் அவர் திரும்ப வந்து இருந்தபோது பலம் குறைவுதான், ஆனால் அந்த ஊஞ்சல் திரும்ப வந்தது. 2017 பதிவையும் 2025 பதிவையும் ஒரே பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பலமா ஊஞ்சலா என்பதில் எங்கள் கூட்டம் இன்றுவரை இரண்டாகத்தான் நிற்கிறது, நான் வார்ட்டின் பக்கம்.

பிங்க் ஃபுளோய்ட் 2005 யூலை 2 இல் லண்டன் ஹைட் பார்க்கில் லைவ் 8 (Live 8, 1985 இன் லைவ் எயிட் வேறு) நிகழ்ச்சிக்குச் சேர்ந்ததையும் இந்தக் கேள்விக்குப் போட்டுப் பாருங்கள். வோட்டர்ஸ், கில்மோர், றைற், மேசன் நால்வரும் 1981 க்குப் பிறகு ஒன்றாக மேடையில் நின்றது அன்று மட்டும்தான், அரை மணித்தியாலம்கூட இல்லை. நடுவில் பிரிவு, வழக்கு எல்லாம் நடந்திருந்தது. றைற் 2008 இல் இறந்தார், அதோடு அது இனி இல்லை என்றாகிவிட்டது.

பணத்துக்காகத்தான் என்று தொடங்குபவரோடு நேரம் செலவழிக்காதீர்கள். பணம் வாங்கினாலும் பாட்டு நன்றாக இருக்கலாம், தருமத்துக்கு வாசித்தாலும் மோசமாக இருக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: தொகை என்று பரவும் இலக்கங்களை நம்பாதீர்கள். வில்லா பார்க் நிகழ்ச்சி தரும காரியங்களுக்காக நடந்தது, சேர்ந்த தொகை என்று பெரிய இலக்கம் ஒன்று பரவியது, பிறகு ஒஸியின் குடும்பத் தரப்பே அது சரியில்லை என்றது.

கூட்டத்தை நடத்தும் விதம்

ரிமோட் ஒருவர் கையில் இருக்க வேண்டும், அவர் அன்று வாதாடக் கூடாது. குறையோ புகழோ சொல்கிறவர் முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும்: எத்தனையாவது பாட்டு, எந்த நிமிடம். ரிமோட் வைத்திருப்பவர் அந்த இடத்தைப் போடுவார், எல்லோரும் கேட்ட பிறகுதான் பதில். பாதி வாதம் இதிலேயே முடிந்துவிடும், ஏனென்றால் சொன்னவரே "ஓம், நான் நினைச்ச மாதிரி இல்லை" என்பார்.

வயது வித்தியாசம் இருக்கும் கூட்டத்தில் சொல்லைப் பார்த்துப் பாவியுங்கள். தம்பிமார் "உங்களுக்கு விளங்காது" என்று சொல்லக் கூடாது. "அண்ணை, அந்த இடத்தை இன்னொருக்காப் போட்டுப் பாப்பமே" என்றால் அண்ணை மறுக்க மாட்டார். அண்ணைமார் "நீ பிறக்க முதல் கேட்டனான்" என்பதை விட வேண்டும், அது உண்மைதான், ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தம்பியும் மனம் திறந்து கதைக்க மாட்டான். குழுவை விட்டுப் போன எங்கள் அண்ணையை அந்தத் தம்பிதான் வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தான். றோல்ஸும் பிளேன்ரீயும் நடுவில் வையுங்கள், வாய் நிறைய இருக்கும்போது காது திறக்கும். யாராவது அழுதால் வீடியோவை நிறுத்துங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். அந்தப் பாட்டை அவர் யாரோடு கேட்டார் என்பது உங்களுக்குத் தெரியாது. இங்கே பலரிடம் அப்படி ஒரு பாட்டு இருக்கிறது, கூடக் கேட்டவர் இல்லை.

பாடியவர் இறந்துவிட்டால்

வில்லா பார்க் முடிந்து 17 ஆம் நாள், யூலை 22, ஒஸி இறந்துபோனார். எங்கள் வட்ஸ்அப் குழு அப்படியே உறைந்தது. குரலைக் குறை சொன்ன இரண்டு பேர் தங்கள் பழைய செய்திகளை அழித்தார்கள். ஒருவன் எனக்குத் தனியாக எழுதினான், நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணை என்று.

அவனுக்கு நான் எழுதியதையே இங்கும் சொல்கிறேன். நீ சொன்னது பொய் இல்லை. நீ காட்டிய இடத்தில் குரல் தளும்பியது, அது பதிவில் இருக்கிறது, அவர் இறந்ததால் அது மாறாது. ஆனால் செத்தவீட்டில் எதைக் கதைக்கலாம் எதைக் கதைக்கக் கூடாது என்று எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, அந்த வழக்கத்தைத் தூரத்து மனிதருக்கும் கொடுக்கலாம். நாங்கள் அந்தியேட்டிக் கணக்குக்கு 31 நாள் இந்த நிகழ்ச்சியைப் பற்றி வாதாடுவதில்லை என்று தீர்மானித்தோம். பாட்டு மட்டும் அனுப்பினோம். நடுவில் நல்லூர்க் கொடியேற்றமும் வந்தது, கோஷ்டிக்காரருக்குச் சோலி கூடியது, செப்ரெம்பர் போயாவுக்குத்தான் அதே விறாந்தையில் திரும்பக் கூடினோம்.

ஸ்பீக்கர் பெட்டியைப் பூட்டி, நான்கு பாடலையும் நிறுத்தாமல் ஒரு தரம் போட்டோம், யாரும் கதைக்கவில்லை. பிறகு ரிமோட் வைத்திருந்தவர் "சரி, ஆர் துவங்கிறது" என்று கேட்டார். மூத்த அண்ணைதான் தொடங்கினார், கடைசிப் பாட்டில் வேகம் கூடிவிட்டது என்று. 19 வயதுக்காரன் இல்லை என்றான். கடிகாரத்தை வைத்து 15 செக்கனுக்கு எத்தனை அடி என்று எண்ணி நாலால் பெருக்கினால் வேகம் வரும், பாட்டின் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை எண்ண வேண்டும். இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணினார்கள், இரண்டு விடை வந்தது. ஒருவர் கையாலும் மற்றவர் காலாலும் தாளம் போட்டிருந்தார்கள். அடுத்த போயாவுக்கு அண்ணை கையில் எண்ணி எழுதிக்கொண்டு வருவார், தம்பியும் கையிலேயே எண்ணி எழுதிக்கொண்டு வருவான், பெட்டியை நான் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.